அக்குளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருந்தைச் சொல்லுங்கள்

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டில் மருந்தியல் புத்தகத்தைத் திறந்தால் தானியங்கி நரம்பு மண்டலம், அதாவது நாம் நினைக்காமலே உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகள், வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2, பீட்டா 1, பீட்டா 2, மஸ்கரினிக், நிகோட்டினிக், அதற்குக் கீழே நாற்பது ஐம்பது மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பக்க விளைவுகள். பெரும்பாலானவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்து, தேர்வில் கொட்டிவிட்டு, வார்டுக்கு வரும்போது மறந்துவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாடம் எழுதப்பட்டிருக்கும் விதம் அப்படி. மருந்தில் ஆரம்பித்து உறுப்புக்கு வருகிறது. உறுப்பில் ஆரம்பித்து மருந்துக்குப் போனால் பாதிச் சுமை குறையும் என்பது என் எண்ணம், அதற்கு மதுரையைச் சுற்றியிருக்கும் எந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவும் போதும்.

மல்லிகைத் தோட்டத்தில் கையுறை இல்லாமல் மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்தவர் ஒருவர். வேலியோரத்தில் விளையாடும்போது ஊமத்தை விதையைத் தின்றுவிட்ட குழந்தை. செந்தேள் கொட்டிய பையன். பெரியாஸ்பத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் மேலூர்ப் பக்கமிருந்தும் வரக்கூடிய நோயாளிகள்தான் இந்த மூன்று பேரும். மூன்று பேரின் அக்குளிலும் கை வைத்துப் பாருங்கள். முதல் ஆளுக்குச் சொட்டச் சொட்ட வேர்வை, கண்பாவை ஊசிமுனை அளவு. இரண்டாவது குழந்தைக்கு அக்குள் காய்ந்த ஓடு, உடம்பு கொதிக்கிறது, பாவை அகலமாக விரிந்திருக்கிறது. மூன்றாவது பையனுக்கும் பாவை விரிந்து நாடி ஓடுகிறது, ஆனால் அக்குள் நனைந்திருக்கிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது. பாடத்தின் பெரும்பகுதி இந்த மூன்று உடம்புகளிலேயே இருக்கிறது. மிச்சத்தை நாம் நிரப்பிக்கொள்ளலாம்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், புத்தகத்தில் படமே இருக்கிறது. இந்த நரம்புகளில் சிம்பதெடிக், பாராசிம்பதெடிக் என்று இரண்டு வகை. சிம்பதெடிக் நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்புப் பகுதியின் மேல்பாகத்திலிருந்தும் கிளம்புகின்றன. பாராசிம்பதெடிக் நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து 3, 7, 9, 10-ஆம் கபால நரம்புகள் வழியாகவும், கீழே திருவெலும்புப் பகுதியிலிருந்தும் வருகின்றன. 10-ஆவதான வேகஸ் மட்டும் இதயம், நுரையீரல், குடலின் பெரும்பகுதி என்று முக்கால்வாசி வேலையைப் பார்க்கிறது. இரண்டு வகையிலும் நரம்பு நேராக உறுப்புக்குப் போவதில்லை, நடுவில் கேங்லியான் என்ற முடிச்சில் ஒருமுறை கைமாறும். அந்தக் கைமாற்றம் இரண்டு பக்கத்திலும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தால்தான் நடக்கிறது, அங்கே இருக்கும் ரிசெப்டர், அதாவது ரசாயனம் வந்து உட்காரும் இடம், நிகோட்டினிக். உறுப்புக்கு வந்த பிறகுதான் பிரிவு: பாராசிம்பதெடிக் முடிவில் அசிடைல்கோலின் வந்து மஸ்கரினிக் ரிசெப்டரில் உட்காரும், சிம்பதெடிக் முடிவில் நார்அட்ரினலின் வந்து ஆல்ஃபா, பீட்டா ரிசெப்டர்களில் உட்காரும். அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி அட்ரினலினை நேராக ரத்தத்தில் விட்டுவிடும்.

இதில் முக்கியமான ஒரு விதிவிலக்கு, அதைத்தான் நாம் அக்குளில் தொட்டுப் பார்த்தோம். வேர்வைச் சுரப்பிக்கு வருவது சிம்பதெடிக் நரம்பு, ஆனால் அது வெளியிடுவது அசிடைல்கோலின். இது சும்மா தேர்வுக்கான துணுக்கு இல்லை. 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார், அந்த இதயம் மிதந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார், நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. நரம்பு உறுப்புடன் பேசுவது ஒரு ரசாயனத்தின் மூலம் என்பது அப்படித்தான் தெரியவந்தது. லண்டனில் ஹென்றி டேல் இதை மேலும் துருவினார், 1936-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அந்த டேலும் அவருடைய சக ஆய்வாளர் ஃபெல்ட்பெர்க்கும் சேர்ந்துதான் 1934-ல் பூனையின் பாதத்தை வைத்து, வேர்வை நரம்பு சிம்பதெடிக்காக இருந்தாலும் அது விடுவது அசிடைல்கோலின் என்று காட்டினார்கள். ஆல்ஃபா, பீட்டா என்ற பிரிவு இன்னும் தாமதம், 1948-ல் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர் செய்தது.

ரிசெப்டர்களைப் பற்றி மனதில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆல்ஃபா 1 ரத்தக்குழாயை இறுக்கும், பாவையை விரிக்கும், சிறுநீர்ப்பையின் வாயை மூடும். பீட்டா 1 என்றால் இதயம், வேகமும் விசையும் கூடும். பீட்டா 2 மூச்சுக்குழலை விரிக்கும், கர்ப்பப்பையைத் தளர்த்தும், கையில் நடுக்கம் கொடுக்கும். ஆல்ஃபா 2 நரம்பின் நுனியிலேயே உட்கார்ந்துகொண்டு 'போதும், விடாதே' என்று சொல்லும், குளோனிடின் அதைத் தூண்டித்தான் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. மஸ்கரினிக் பக்கம் எம் 2 என்ற வகை இதயத்தை மெதுவாக்கும், எம் 3 சுரக்கிற எல்லாவற்றையும் சுரக்க வைக்கும், குடலையும் மூச்சுக்குழலையும் சிறுநீர்ப்பையையும் சுருக்கும், பாவையைச் சிறிதாக்கும். அவ்வளவுதான் அட்டவணை. மருந்து இதில் ஒன்றைத் தூண்டும் அல்லது அடைக்கும். நமக்கு வேண்டிய உறுப்பில் அது நடந்தால் சிகிச்சை, வேண்டாத உறுப்பில் நடந்தால் பக்க விளைவு.

சிம்பதெடிக்கின் வேலையான 'சண்டை போடு அல்லது ஓடு' என்பதை விளக்க மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டைச் சொல்லாத ஆசிரியர் இருக்க மாட்டார். வாடிவாசலில் நிற்கிறவனுக்கு வாய் உலரும், நெஞ்சு அடிக்கும், எல்லாம் சரி. ஆனால் அதனால் ஒரு தப்பான படமும் மனதில் பதிந்துவிடுகிறது, ஆபத்து வந்தால் சிம்பதெடிக் ஓடும், சாப்பிட்டுப் படுத்தால் பாராசிம்பதெடிக் ஓடும் என்று முறைவைத்து வேலை செய்வதைப் போல. உண்மையில் இரண்டும் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. இதயத்தை அதன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவைக்குப் பக்கத்தில் துடிக்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70 இருக்கிறது என்றால் வேகஸ் அதை மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். மஸ்கரினிக் ரிசெப்டரை அடைக்கும் அட்ரோபின் செய்வது அந்தக் கயிற்றை அவிழ்ப்பது மட்டுமே. மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்கு வேகஸ் தொடர்பு அறுந்திருக்கும், அதனால் அவருடைய நாடி எப்போதும் வேகமாகவே இருக்கும், அட்ரோபின் போட்டாலும் பலன் இருக்காது. அட்ரோபின் தானாக இதயத்தை விரட்டுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சரி, மல்லிகைத் தோட்டத்துக்காரரிடம் வருவோம். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அசிடைல்கோலினை உடைக்கும் என்சைமான கோலினெஸ்டரேஸை முடக்கிவிடுகிறது. அசிடைல்கோலின் வந்தது வந்தபடி குவிந்துகொண்டே போகிறது. மஸ்கரினிக் இடங்களில் கண்ணீர், எச்சில், வேர்வை, வாந்தி, பேதி, சிறுநீர், ஊசிமுனைப் பாவை, மெதுவான நாடி. இதிலெல்லாம் உயிரை எடுப்பது மூச்சுக்குழலில் பொங்கும் நீர்தான், ஆள் தன் நெஞ்சுக்குள் சுரக்கும் நீரிலேயே மூழ்குகிறார். கை கால், மூச்சுத் தசைகளிலும் நிகோட்டினிக் ரிசெப்டர் உண்டு, அங்கே தசை துள்ளும், பிறகு சோர்ந்துவிடும். இங்கேதான் மாணவர்கள் குழம்புவார்கள்: நிகோட்டினிக் தூண்டலாலும் ஆக்சிஜன் குறைவாலும் சிலருக்கு நாடி வேகமாகவே இருக்கும். 'நாடி 120 இருக்கிறதே, அட்ரோபின் போடலாமா' என்று தயங்க வேண்டியதில்லை, நெஞ்சில் களகளவென்று சத்தம் இருந்தால் அட்ரோபின் தேவைதான்.

மருந்துக்கு முன்னால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பையும் தலைமுடியையும் கழுவ வேண்டும், கழுவுகிற உங்கள் கையில் நைட்ரைல் கையுறை இருக்க வேண்டும். தோல் வழியாக ஏறியதுதானே இந்த விஷம், உங்கள் தோலிலும் ஏறும். அட்ரோபின் முதல் டோஸ் பெரியவர்களுக்கு 1.8 முதல் 3 மி.கி., நம்மிடம் இருக்கும் 0.6 மி.கி. ஆம்பூலில் 3 முதல் 5 வரை. ஐந்து நிமிடத்தில் பலன் தெரியாவிட்டால் இரட்டிப்பாக்குவார்கள், அப்புறம் அதையும் இரட்டிப்பாக்குவார்கள், ட்ரே முழுக்க உடைந்த ஆம்பூல்கள் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் கையும் ஸ்டெதஸ்கோப்பும் சொல்லும்: நெஞ்சில் சத்தம் நின்று காற்று நன்றாகப் போகிறதா, நாடி 80-க்கு மேலே வந்ததா, மேல் ரத்த அழுத்தம் 80-ஐத் தாண்டியதா, அக்குள் காய்ந்ததா, பாவை ஊசிமுனையிலிருந்து விரிந்ததா. பாவை தாமதமாகத்தான் விரியும், அதையே துரத்திக்கொண்டிருந்தால் மருந்து மிதமிஞ்சிப் போகும். இலக்கை அடைந்ததும் இதுவரை போட்ட மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை ஒரு மணி நேரத்துக்கு என்று கணக்கிட்டுச் சொட்டுச் சொட்டாக டிரிப்பில் ஓட விடுவார்கள்.

அட்ரோபின் மஸ்கரினிக் ரிசெப்டரை மட்டுமே மூடுகிறது. முடங்கிய என்சைம் முடங்கியேதான் கிடக்கிறது, நிகோட்டினிக் பக்கம் அட்ரோபினுக்கு வேலை இல்லை. பிராலிடாக்சைம், வார்டில் சொல்கிற பாம், என்சைமைப் பிடித்திருக்கும் விஷத்தைக் கழற்றிவிடப் பார்க்கிறது. ஆனால் நேரம் போகப் போக அந்தப் பிடி கழற்ற முடியாதபடி இறுகிவிடும், சில பூச்சிமருந்துகளில் சில மணி நேரத்தில், சிலவற்றில் ஒரு நாளுக்கு மேல். பாமினால் உண்மையில் எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள் என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதனால் ஒரு யூனிட்டில் போடுவார்கள், பக்கத்து யூனிட்டில் போட மாட்டார்கள், இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். போடச் சொன்னால் மெதுவாகப் போடுங்கள், வேகமாகச் செலுத்தினால் இதயமே நிற்கலாம்.

இன்னொன்று, எனக்கு இது அட்ரோபின் கணக்கைவிட முக்கியமாகப் படுகிறது. முதல் நாள் தேறிவிட்டார், வீட்டார் காபி வாங்கிக் கொடுக்கிறார்கள், எல்லோரும் நிம்மதி. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அதாவது 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசை தளர்ந்து, பிறகு மூச்சுத் தசையும் தளர்ந்து ஆள் ஓசைப்படாமல் நீலம் பாய்ந்துவிடுவார். இது நிகோட்டினிக் பக்கத்து வேலை, அட்ரோபின் இதைத் தடுக்காது. கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. 'அண்ணே, தலகாணியில இருந்து தலையத் தூக்குங்க பாப்போம்' என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கேளுங்கள். தூக்க முடியவில்லை என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட்டு, வெண்டிலேட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மானிட்டர் சொல்வதற்கு முன்னால் கழுத்து சொல்லிவிடும்.

இதே விஷத்தைத் தெரிந்தே குடித்துவிட்டு வருகிறவர்களும் வார்டில் இருப்பார்கள். 'எதுக்குக் குடிச்ச' என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். உடம்பு தேறியதும் மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி ஞாபகப்படுத்துவது உங்கள் வேலைதான். 104, 14416 இரண்டும் எந்நேரமும் எடுக்கும் உதவி எண்கள், வீட்டாரிடமும் எழுதிக் கொடுங்கள்.

இப்போது, அதே தோட்டத்துக்காரருக்கு அட்ரோபின் கூடிப்போனால் என்ன ஆகும்? அவர் ஊமத்தை தின்ற குழந்தையாகிவிடுவார். சிவன் கோவிலுக்குக் கொண்டுபோகிற ஊமத்தையில் இருப்பதே அட்ரோபினும் அதன் பங்காளிகளான ஹயோசயமினும் ஹயோசினும்தான். மஸ்கரினிக் அடைபட்டால் என்னவெல்லாம் நிற்கும் என்று நீங்களே வரிசையாகச் சொல்லிவிடலாம்: எச்சில் இல்லை, வேர்வை இல்லை, வேர்வை இல்லாததால் உடம்பு குளிர வழியில்லாமல் காய்ச்சல், முகம் சிவந்துபோகும், வேகஸின் பிடி விட்டதால் நாடி ஓட்டம், குடல் சத்தம் இல்லை, சிறுநீர்ப்பை நிரம்பி அடிவயிறு புடைத்திருக்கும், மூளைக்குள்ளும் மருந்து போவதால் பிதற்றல், காற்றில் எதையோ பிடுங்குவது, யாரையோ கூப்பிடுவது. வார்டில் அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளி திடீரென்று கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்த்தால், 'விஷம் தலைக்கு ஏறிவிட்டது' என்று கட்டிப்போடுவதற்கு முன் அக்குளையும் வயிற்றையும் பாருங்கள். அக்குள் காய்ந்து, குடல் சத்தம் இல்லாமல், காய்ச்சலும் இருந்தால் அது விஷம் இல்லை, நாம் கொடுத்த மருந்து. சொட்டை நிறுத்தி டாக்டரிடம் சொல்ல வேண்டும், அடங்கியதும் குறைந்த வேகத்தில் மறுபடி தொடங்குவார்கள். அக்குள் நனைந்து, நெஞ்சில் சத்தம் இருந்தால் கதை நேர்மாறு, அட்ரோபின் போதவில்லை. இரண்டிலும் ஆள் பிதற்றுவார், தள்ளிநின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தேள் விஷயத்துக்கு வருவோம். ஊரில் எல்லோரும் பயப்படுவது பெரிய கறுப்பு நட்டுவாக்காலியைப் பார்த்து, ஆனால் ஆளைக் கொல்வது சின்ன உருவமான செந்தேள். அதன் விஷம் நரம்புகளின் சோடியம் வாசல்களைத் திறந்தே வைத்துவிடும், இரண்டு பக்க நரம்புகளும் ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கும். முதலில் கொஞ்ச நேரம் வாந்தி, எச்சில், கொட்டும் வேர்வை, பையன்களுக்கு ஆணுறுப்பு விறைத்து நிற்பது, சில சமயம் மெதுவான நாடி. பிறகு அட்ரினலின் புயல்: ரத்தக்குழாய்கள் இறுகி கை கால் ஐஸ் போலாகும், அழுத்தம் ஏறும், இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைத்து, நுரையீரலில் நீர் கோத்துவிடும். முன்பு இதில் நிறையக் குழந்தைகள் செத்துப்போனார்கள். மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், 1980-களில் ஆல்ஃபா 1-ஐ அடைக்கும் பிரசோசின் மாத்திரையை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். விலை மலிவான ரத்த அழுத்த மாத்திரை, வாய்வழியாகவே கொடுக்கலாம். இறுகிய குழாய்தான் பிரச்சினை என்றால் குழாயை இறுக்கும் ரிசெப்டரை மூடு, இவ்வளவு நேரடியான யோசனை. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

குழந்தைக்கு எடை ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், கை கால் சூடாகும் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. செவிலியராக நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பாதத்தைத் தொட்டுச் சூடு வந்ததா என்று பார்த்துக் குறிப்பது. அப்புறம், மாத்திரை கொடுத்த பிள்ளையைப் படுக்க வைத்தே வைத்திருப்பது. 'வாடா ராசா' என்று அம்மா தூக்கி இடுப்பில் வைத்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து மயங்கிவிடும், பிரசோசினின் முதல் டோஸ் யாரையும் அப்படிச் செய்யலாம். இந்த இடத்தில் வேர்வையையும் வாந்தியையும் பார்த்துவிட்டு அட்ரோபின் போட்டால் புயலுக்குக் காற்று விசிறியதாகும், அதனால் நாடி மிகவும் குறைந்திருந்தால் தவிர யாரும் போட மாட்டார்கள். பீட்டா மட்டும் அடைக்கும் மருந்தும் ஆகாது, ஆல்ஃபா இறுக்கத்தைத் தட்டிக்கேட்க ஆள் இல்லாமல் போய்விடும்.

பாம்புக்கடியைப் பற்றி ஒரு பத்தி. நல்லபாம்பு விஷம் தசையிலிருக்கும் நிகோட்டினிக் ரிசெப்டரில் போய் உட்கார்ந்து இமையையும் மூச்சுத் தசையையும் சோர வைக்கும். நியோஸ்டிக்மின் கொடுத்தால் அசிடைல்கோலின் கூடி விஷத்தோடு போட்டி போடும், இமை தூக்கும். ஆனால் கூடுவது தசையில் மட்டுமா, உடம்பு முழுக்கக் கூடும், எச்சிலும் மெதுவான நாடியும் வரும். அதனால்தான் 1.5 மி.கி. நியோஸ்டிக்மினுக்கு முன்னால் 0.6 மி.கி. அட்ரோபின். அறுவை அரங்கில் மயக்கம் தெளிவிக்கும்போது நியோஸ்டிக்மினோடு அட்ரோபின் வகையான கிளைகோபைரோலேட் சேர்த்துப் போடுவதும் இதே கணக்குதான். கட்டுவிரியன் கடிக்கு நியோஸ்டிக்மின் பெரும்பாலும் எடுபடாது, அது நரம்பு நுனியையே சிதைக்கிறது, அங்கே விடுவதற்கு அசிடைல்கோலினே மிச்சமிருக்காது.

விஷம் எல்லாம் வேண்டாம், நிம்மதியாக ஒரு இடத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும் என்றால் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகலாம். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் ஆரம்பித்தது. இங்கென்று இல்லை, எந்தக் கண் ஆஸ்பத்திரியிலும் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் கண்ணில் விட்டிருப்பது பெரும்பாலும் டிராபிகாமைடும் ஃபீனைல்எஃப்ரினும் கலந்த சொட்டு. பாவையைச் சுருக்கும் தசைக்கு மஸ்கரினிக் ரிசெப்டர், டிராபிகாமைடு அதை அடைக்கிறது. விரிக்கும் தசைக்கு ஆல்ஃபா 1, ஃபீனைல்எஃப்ரின் அதைத் தூண்டுகிறது. ஒரே பாவையை இரண்டு பக்கமிருந்தும் பிடிக்கிறார்கள், அதனால் நன்றாக விரிகிறது. கிட்டப் பார்வைக்கு லென்ஸை வளைக்கும் தசையும் மஸ்கரினிக் என்பதால் சில மணி நேரத்துக்குப் பேப்பர் படிக்க முடியாது, வெளிச்சம் கூசும், ஆகவே 'வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா ஐயா, கூட யாரு வந்திருக்கா' என்று சொட்டு விடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்குப் பாவை லேசில் விரியாது, விரிக்கும் சிம்பதெடிக் நரம்பையே சர்க்கரை தின்றிருக்கும். அவர்கள் பாதம் வேர்க்காமல் வறண்டு வெடித்திருப்பதற்கும் அதே நரம்புச் சேதம் ஒரு காரணம்.

கண்ணில் விட்டது கண்ணோடு நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணழுத்தத்துக்கு டிமலால் சொட்டு விடுகிறவர்களுக்கு, அது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு வந்து ரத்தத்தில் கலக்கும். டிமலால் பீட்டா 1, பீட்டா 2 இரண்டையும் அடைக்கும், ஆஸ்துமா இருப்பவருக்கு ஒரு சொட்டே இழுப்பைக் கொண்டுவரலாம். விட்டதும் கண்ணின் உள்மூலையை இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பீட்டா அடைப்பான்கள் என்றதும் புத்தகம் சொல்வது நாடி பார், ரத்த அழுத்தம் பார், நாடி 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கேள், திடீரென்று நிறுத்தாதே. எல்லாம் சரி. நம் ஊரில் சேர்த்துச் சொல்ல வேண்டியது சர்க்கரை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியவருக்குச் சர்க்கரை குறையும்போது படபடப்பும் கைநடுக்கமும்தான் முதல் எச்சரிக்கை, இரண்டும் பீட்டா ரிசெப்டர் வேலை. புரோப்ரனலால் சாப்பிடுகிறவருக்கு அந்த மணி அடிக்காது. வேர்வை மட்டும் வரும், ஏனென்றால் வேர்வை அசிடைல்கோலின் பக்கம், அதை பீட்டா அடைப்பான் தொடுவதில்லை. ஆகவே பீட்டா அடைப்பானும் இன்சுலினும் சேர்ந்து எழுதியிருக்கும் நோயாளி 'ஒண்ணும் செய்யல சிஸ்டர், சும்மா வேர்க்குது' என்று சொன்னால் மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் போகாதீர்கள், குளுகோமீட்டரை எடுத்து வாருங்கள்.

பிரசவ அரங்கில் முதுகில் ஊசி போட்டதும் அழுத்தம் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்துப் போவது கால் மட்டும் இல்லை, அந்தப் பகுதியின் சிம்பதெடிக் நரம்புகளும் அடைபடுகின்றன, கீழே ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்தம் கால்களில் தங்கிவிடுகிறது. மரப்பு மேலே மார்பு வரை ஏறினால் இதயத்தை விரட்டும் நரம்புகளும் போய் நாடியும் குறையும். காலைத் தொட்டால் கதகதப்பாக, காய்ந்து இருக்கும். ஃபீனைல்எஃப்ரின் கொடுத்தால் குழாய் இறுகி அழுத்தம் ஏறும், ஆனால் அந்த ஏற்றத்தைப் பார்த்து வேகஸ் நாடியைக் குறைக்கும். மெஃபென்டெர்மின் நரம்பு நுனியிலிருந்து நார்அட்ரினலினை வெளியே தள்ளும், அதனால் நாடி அந்த அளவுக்கு விழாது. நாடி ஏற்கெனவே குறைவாக இருக்கும்போது மயக்க மருத்துவர் எதைக் கேட்பார் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அட்ரினலினைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதிக்காமல். ஆல்ஃபா 1 அழுத்தத்தைத் தூக்கும், பீட்டா 1 இதயத்தை, பீட்டா 2 மூச்சுக்குழலை. அவில் என்ற ஒவ்வாமை மருந்தும் ஹைட்ரோகார்டிசோனும் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் ஆளை இழக்க வைக்கும். அதே ஆம்பூலை நாடி இருக்கும் ஆளுக்கு ரத்தக்குழாயில் ஏற்றிவிடக் கூடாது. நார்அட்ரினலின் ஓடும் கையில் ஊசி இடம் விலகியிருக்கிறதா, தோல் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், வெளுத்தால் அங்கே ஆல்ஃபா இறுக்கம் திசுவைக் கொன்றுகொண்டிருக்கிறது. பீட்டா 2-ஐத் தூண்டும் சால்பியூட்டமால் நெபுலைசர் வைத்த பிறகு நாடி 110, கை நடுங்குகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறுபடி மறுபடி வைக்கும்போது பொட்டாசியம் குறையும்.

கடைசியாக, அவசரப் பிரிவில் சிக்காத ஒரு கூட்டம். ஆண்கள் சர்ஜிகல் வார்டில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெரியவர், நாளெல்லாம் சிறுநீர் போகவில்லை, வலியில் துடிக்கிறார், எல்லோரும் புரோஸ்டேட் என்கிறார்கள். புரோஸ்டேட் இருக்கும்தான், அது நேற்று வந்ததில்லை. நேற்று என்ன மாறியது என்று மகனைக் கேளுங்கள். சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையில் குளோர்ஃபெனிரமின், வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின், கால் எரிச்சலுக்கு ஏற்கெனவே ராத்திரியில் அமிட்ரிப்டிலின். மூன்று பேரும் வெவ்வேறு பெயரில் வந்த அட்ரோபின்கள். ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் சிறுநீர்ப்பை சமாளித்திருக்கும். சளி மாத்திரையில் மூக்கடைப்புக்கு ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்திருந்தால் போச்சு, அது ஆல்ஃபா 1 வழியாகச் சிறுநீர்ப்பையின் வாயையும் மூடிவிடும். கதீட்டர் போட்ட பிறகு டாக்டர் டாம்சுலோசின் எழுதுவார், அதே ஆல்ஃபா 1-ஐ அடைத்துச் சிறுநீர்ப்பையின் வாயைத் திறந்துவிட. அது சரிதான், ஆனால் கேஸ் ஷீட்டில் பழைய மூன்று மாத்திரைகளும் அப்படியே தொடர்கின்றனவா என்று பார்ப்பது மருந்து கொடுக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது. காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது அந்த மூன்று பெயரையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாம்சுலோசின் ஆரம்பித்திருப்பதால் பெரியவர் முதல் தடவை எழும்போது பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.